சந்தா கட்டிக் கேட்ட பாட்டு

1931. உலகப் பொருளாதாரமே முடங்கிக் கிடந்த ஆண்டு. கிராமஃபோன் குழாய்முன் உட்கார்ந்திருக்கும் நாயைச் சின்னமாகக் கொண்ட ஹெச்.எம்.வி. கம்பெனியில், 25 வயது இளைஞர் ஒருவர் மேலதிகாரிகளிடம் ஒரு யோசனை சொன்னார். பெயர் வால்டர் லெக். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹூகோ வோல்ஃபின் பாடல்களை ஆல்பம் ஆல்பமாகப் பதிவு செய்ய வேண்டும் என்றார். அந்தப் பாட்டுகளைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள் என்ற கேள்விக்கும் அவரே பதில் வைத்திருந்தார். வாங்குகிறவர்களை முதலில் சேர்த்துக்கொள்வோம், பதிவை அப்புறம் வைத்துக்கொள்வோம்.

திட்டம் எளிமையானது. ‘ஹூகோ வோல்ஃப் சொசைட்டி’ என்று ஒரு சங்கம். அதில் 500 பேர் சேர வேண்டும். ஆளுக்கு 30 ஷில்லிங் சந்தா. 500 தேறினால் பாடகர் ஒலிவாங்கிமுன் நிற்பார். தேறாவிட்டால் திட்டம் கிடப்பில். அந்த நாளில் 30 ஷில்லிங் என்பது சாமானியர் சட்டென்று எடுத்து நீட்டக்கூடிய தொகையல்ல. அதுவும், இன்னும் பதிவே ஆகாத ஆறு இசைத்தட்டுகளுக்காக.

ஆள் சேர்ந்தது. ஜப்பானிலிருந்து மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். வியன்னாவிலிருந்து அத்தனை தூரத்தில், ஜெர்மன் மொழி தாய்மொழியாக இல்லாத ஓர் ஊரில், ஒருவர் 30 ஷில்லிங்குக்கு ஈடான யென்னைக் கட்டிவிட்டுக் கப்பலில் வரும் தட்டுக்காகக் காத்திருந்தார் என்பதை நினைத்துப் பார்க்கையில் மனம் நிறைகிறது. உயிரோடு இருந்தவரை வோல்ஃபுக்கு இப்படி ஒரு கூட்டம் வாய்க்கவில்லை. அவர் இறந்து அப்போது 28 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பியானோவும் ஒற்றைக் குரலும் சேர்ந்து ஒரு கவிதையைப் பாடும் வடிவத்துக்கு ஜெர்மன் மொழியில் ‘லீட்’ என்று பெயர், பன்மையில் ‘லீடர்’. ஷூபர்ட் இந்த வடிவில் 600க்கும் மேல் எழுதினார். ஷூமன் தொடர்ந்தார், பிராம்ஸ் தொடர்ந்தார். வோல்ஃபுக்கோ இது பல வடிவங்களில் ஒன்றல்ல, கிட்டத்தட்ட வாழ்க்கையே இதுதான். ஒரு குவார்ட்டெட், ஓர் ஆர்க்கெஸ்ட்ராப் படைப்பு, முடித்த ஓபெரா ஒன்று, முடிக்காத ஓபெரா ஒன்று, இன்னும் சில சில்லறை. மற்றதெல்லாம் பாட்டு, பாட்டு, பாட்டு. இளவயதில் எழுதி வெளியிடாதவற்றையும் சேர்த்தால் 300 வரும். பெரும்பாலானவை மூன்று நிமிடத்தைத் தாண்டாது. ஒரு நிமிடத்தில் முடிந்துபோகிறவையும் உண்டு.

பிறந்தது 1860 மார்ச் 13 அன்று, விண்டிஷ்கிராட்ஸ் என்ற சிற்றூரில். இன்று ஸ்லோவேனியாவில் இருக்கிறது. அன்று ஆஸ்திரியப் பேரரசு. அப்பா ஃபிலிப் தோல் வியாபாரி. தானாகவே வயலின், பியானோ, கிட்டார் கற்றுக்கொண்டு வீட்டில் ஒரு சிறு வாத்தியக் குழுவே நடத்தியவர். 1867இல் தீ விபத்து வந்து வியாபாரம் நொடித்தது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் காசு தங்கவில்லை. இசையை உயிராக நேசித்த அந்த அப்பாவே, மகன் இசையைத் தொழிலாக எடுப்பதைக் கடைசிவரை அஞ்சினார்.

மகனோ எந்தப் பள்ளியிலும் நிலைக்கவில்லை. கிராட்ஸ், லாவன்ட் பள்ளத்தாக்கின் செயின்ட் பால், மார்பூர்க் என்று ஊர் மாறினான். 1875இல், 15 வயதில், வியன்னா இசைக் கல்லூரியில் சேர்ந்தான். கூடப் படித்தவர்களில் ஒருவர் குஸ்தாவ் மாலர். அந்த ஆண்டே ரிச்சர்ட் வாக்னர் வியன்னா வந்திருந்தார். ஹோட்டலில் காத்துக் கிடந்து அவரைப் பார்த்து, தன் பியானோத் துண்டுகளைக் காட்டினான் பையன். வாக்னர் அன்பாகப் பேசி அனுப்பினார். அந்தச் சந்திப்பு வோல்ஃபை வாழ்நாள் முழுவதற்கும் வாக்னர் கட்சிக்காரராக்கியது. கல்லூரி அவரை 1877இல் ஒழுங்கு மீறியதாகச் சொல்லி வெளியே அனுப்பியது.

அதன் பிறகு பத்து ஆண்டு அலைச்சல். பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துச் சாப்பிட்டார். பொறுமை இல்லாததால் அதுவும் நிலைக்கவில்லை. 1881இல் சால்ஸ்பர்க் நாடக அரங்கில் உதவி நடத்துநர் வேலை கிடைத்தது; சில மாதங்களில் விட்டார். நண்பர்கள் வீட்டு அறைகளிலும், குளிர்காலத்தில் காலியாகக் கிடக்கும் அவர்களது கோடை வீடுகளிலும் தங்கினார். தனக்கென்று ஒரு வீடு, ஷ்விண்ட் தெருவில், முதன்முதலாக அமைந்தபோது அவருக்கு வயது 36.

1884 முதல் 1887 வரை ‘வீனர் ஸலோன்ப்ளாட்’ என்ற வார இதழில் இசை விமரிசனம் எழுதினார். வியன்னாவின் மேட்டுக்குடியினர் ஞாயிறுதோறும் படித்த பத்திரிகை. அதில் அவர் பிராம்ஸைத் தாக்கிய தாக்கு கொஞ்சநஞ்சமல்ல. முன்னொரு காலத்தில் இளைஞர் வோல்ஃப் தன் எழுத்துகளைக் கொண்டுபோய்க் காட்டியபோது, போய் இலக்கணம் படித்துவிட்டு வா என்ற தொனியில் பிராம்ஸ் ஓர் ஆசிரியரின் பெயரைச் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தக் காயம் ஆறவே இல்லை. ஆனால் இந்த விமரிசனங்களில் பல, பிராம்ஸுக்கு நியாயம் செய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வோல்ஃபின் பேனா அவருக்கே வினையாக வந்தது. அவருடைய குவார்ட்டெட்டை ரோஸே குழுவினர் வாசிக்க மறுத்தார்கள். 1886இல் ‘பெந்தெஸிலேயா’ என்ற ஆர்க்கெஸ்ட்ராப் படைப்பு, வியன்னா ஃபில்ஹார்மோனிக்கின் ஒத்திகையிலேயே சிரிப்புக்கு இடமாகி நின்றுபோனது. அடுத்த மே மாதம் அப்பா இறந்தார். மகன் தேறுவான் என்பதற்கு ஓர் அறிகுறியையும் அவர் பார்க்கவில்லை.

பிறகு 1888 பிப்ரவரி.

வியன்னாவுக்குத் தெற்கே பெர்ச்டோல்ட்ஸ்டார்ஃப் என்ற திராட்சைத் தோட்ட ஊர். வெர்னர் குடும்பத்தின் கோடை வீடு குளிரில் பூட்டிக் கிடந்தது. அதன் சாவியை வாங்கிக்கொண்டு தனியே போய் உட்கார்ந்தார் வோல்ஃப். கையில் எட்வார்ட் மோரிக்கேயின் கவிதைத் தொகுப்பு. மோரிக்கே கிராமத்துப் பாதிரியாராக இருந்தவர். வோல்ஃப் வியன்னாவில் கால்வைத்த அதே 1875இல் இறந்துபோனவர். பிப்ரவரி 16 அன்று, தாய்க்கு மந்திரம் தெரிந்திருந்தால் எத்தனை நன்றாயிருக்கும் என்று கனாக் காணும் ஒரு தம்பட்டக்காரச் சிப்பாய்ப் பையனைப் பற்றிய பாட்டு பிறந்தது. அடைத்துக்கிடந்த மதகு திறந்துகொண்டது. ஒரு நாளைக்கு ஒன்று. சில நாள் இரண்டு, மூன்றுகூட. மே மாதத்துக்குள் 43 பாட்டு. இலையுதிர்காலத்தில் இன்னும் பத்து எழுதி 53 ஆக்கினார்.

அந்த மார்ச்சில் அவர் நண்பர்களுக்குப் போட்ட கடிதங்களைப் படித்தால் கை நடுங்கும் ஒரு மனிதர் கண்முன் வருவார். இன்று எழுதியதுதான் இதுவரை எழுதியதில் சிறந்தது என்கிறார்; மறுநாளே, நேற்றுச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன், இன்றையது அதைவிடப் பல மடங்கு மேல் என்கிறார். அது தற்பெருமை இல்லை. பத்து ஆண்டு வாய்மூடிக் கிடந்தவனுக்குப் பேச்சு வந்த திகைப்பு.

வேகம் குறையவில்லை. ஐஷென்டோர்ஃப் கவிதைகள் வந்தன. கதேயின் கவிதைகளில் 50ஐச் சுமார் மூன்றரை மாதத்தில் முடித்தார். ஷூபர்ட் ஏற்கெனவே முழுமையாகச் செய்துவிட்டார் என்று தோன்றிய கவிதைகளை விட்டுவைத்தார். ஷூபர்ட் பிடிக்கத் தவறிவிட்டார் என்று தோன்றியவற்றைத் துணிந்து எடுத்தார். 1890 வசந்தத்துக்குள் ஸ்பானியப் பாடல் புத்தகம், 44 பாட்டு. பிறகு இத்தாலியப் பாடல் புத்தகத்தின் முதல் பாகம், 22 பாட்டு. அதோடு ஊற்று வற்றியது. 1892 முதல் மூன்று ஆண்டுகள் ஏறக்குறைய ஒரு வரி வரவில்லை. 1896 மார்ச் கடைசியில் மறுபடி பீறிட்டு, ஐந்து வாரத்தில் இரண்டாம் பாகத்தின் 24 பாட்டுகள்.

வோல்ஃபின் பாட்டு எதனால் வேறுபடுகிறது? முதலில் அவர் அச்சடித்த அட்டையைப் பார்க்க வேண்டும். ‘மோரிக்கேயின் கவிதைகள், குரலுக்கும் பியானோவுக்கும்’ என்றுதான் அதன் பெயர். கவிஞர் முன்னால், இசையமைத்தவர் பின்னால். உள்ளே முதல் பக்கத்தில் மோரிக்கேயின் படம். கச்சேரியிலும் பாட்டுக்கு முன் கவிதையை வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். கவிதை காதில் விழாமல் பாட்டைத் தொடங்குவது அவருக்குச் சம்மதமில்லை. மெட்டை முதலில் கட்டி அதில் வார்த்தைகளை உட்காரவைக்கிற வேலையே அங்கே கிடையாது. ஒரு மனிதர் அந்தச் சொல்லை எந்த இடத்தில் அழுத்துவார், எங்கே மூச்சு வாங்குவார், எங்கே குரல் தழுதழுக்கும் என்று கேட்டு, குரல் அந்த வழியே போகிறது. பியானோ பக்கவாத்தியமாக இருப்பதில்லை. குரல் சொல்லாமல் விட்டதை அது சொல்லிக்கொண்டே வரும்.

உதாரணம் பார்ப்போம். காதலன் கைவிட்ட வேலைக்காரப் பெண் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டும் மோரிக்கே கவிதை ஒன்று உண்டு. ஷூமன் அதை ஏற்கெனவே பாட்டாக்கியிருந்தார். அதை மிகவும் மதித்த வோல்ஃப், தான் தொடும் எண்ணமே இல்லை என்றுதான் இருந்தார். கவிதை அவரை விடவில்லை. பியானோவின் மேல்பகுதியில் இரண்டிரண்டு ஸ்வரம், ஒரே தாளக்கட்டில், குளிர்ந்த அடுப்பங்கரைபோல வெறிச்சென்று வரும். பாட்டு முழுக்க அந்தத் தாளம் மாறுவதே இல்லை. தீப்பொறி பறப்பதை அவள் பார்க்கும் ஒரு கணம் மட்டும் ஒலிகள் நழுவி மிதக்கும். பிறகு மறுபடி அதே வெறுமை. இரண்டே பக்கம்தான். ஓர் ஓபெராவின் மூன்றாம் அங்கத்தில் அழவைக்கிறவர்கள் இரண்டு மணி நேரம் தயார் செய்கிறார்கள். இவர் நாலு அளவு முன்னிசையில் செய்து முடிக்கிறார்.

அழுகை மட்டும்தான் என்று எண்ணிவிடக் கூடாது. மோரிக்கே தொகுதியின் கடைசிப் பாட்டில் ஒரு விமரிசகர் வீடு தேடி வருகிறார். சுவரில் விழும் கவிஞரின் நிழலைப் பார்த்து, உங்கள் மூக்கு பெரிதாக இருக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறார். கிளம்பும்போது கவிஞர் பின்புறம் ஓர் உதை கொடுக்க, அவர் படிக்கட்டில் உருள்கிறார். உடனே பியானோ ஒரு வியன்னா வால்ட்ஸை ஆரம்பித்துவிடுகிறது. மூன்று ஆண்டு விமரிசகராக இருந்து விட்டுவந்தவர் எழுதியது இது.

இத்தாலியப் பாடல் புத்தகம் இன்னும் நுணுக்கம். பால் ஹைஸே ஜெர்மனுக்குக் கொண்டுவந்த இத்தாலிய நாட்டுப்புறக் கவிதைகள், பெரும்பாலும் எட்டு வரி சொச்சம். காதலர் சண்டை, ஊடல், கேலி, சாவு. முதல் பாட்டே சின்னப் பொருள்களின் அருமையைப் பற்றியது. முத்து, ஆலிவ், ரோஜா. புத்தகத்துக்கு மட்டுமல்ல, வோல்ஃபின் மொத்த வேலைக்குமே அதுதான் வாசற்படி.

அவருக்கு ஒரு காதலும் இருந்தது. ஊரறியச் சொல்ல முடியாத காதல். மெலனி கோஹெர்ட், அரண்மனை நகைக்கடைக்காரர் ஹைன்ரிஷ் கோஹெர்ட்டின் மனைவி. ஹைன்ரிஷே வோல்ஃபுக்குப் பெரும் ஆதரவாளர். விமரிசகர் வேலை கிடைத்ததும் அவர் மூலம்தான். பல பாட்டுகளை எழுதி முடித்ததும் மெலனிக்குத்தான் முதலில் சேதி போகும். அவருக்கு வோல்ஃப் எழுதிய கடிதங்கள் 1964இல்தான் புத்தகமாக வந்தன.

இளவயதில் தொற்றிய சிஃபிலிஸ் நோய் மூளையை எட்டியது 1897இல். செப்டம்பரில் வோல்ஃப், பழைய கல்லூரித் தோழர் மாலரைச் சந்தித்தார். வியன்னா ஓபெராவுக்குப் பொறுப்பேற்றிருந்த மாலர், வோல்ஃபின் ‘கொர்ரெகிடோர்’ ஓபெராவை மேடையேற்றத் தயங்கினார். வாக்குவாதம். அதற்குச் சில நாளில் வோல்ஃப், மாலரை நீக்கிவிட்டார்கள், ஓபெரா இயக்குநர் இனி நான்தான் என்று நண்பர்களிடம் அறிவிக்க ஆரம்பித்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். 1898 ஜனவரியில் தெளிந்து வெளியே வந்தார். அக்டோபரில் டிரவுன் ஏரியில் விழுந்து உயிரை விடப் பார்த்தார். மறுபடி மனநோய் விடுதி. இம்முறை தானே கேட்டுப் போனார். நாலு ஆண்டுக்கு மேல் அங்கே இருந்தார். மெலனி விடாமல் போய்ப் பார்த்துவந்தார். 1903 பிப்ரவரி 22 அன்று வோல்ஃப் இறந்தார், 42 வயதில். மறு ஆண்டு பிப்ரவரியில் மாலர் ‘கொர்ரெகிடோர்’ ஓபெராவை வியன்னாவில் நடத்திக் காட்டினார். 1906 மார்ச்சில் மெலனி தன் வீட்டு ஜன்னலிலிருந்து குதித்து உயிரை மாய்த்துக்கொண்டார்.

வோல்ஃபின் குரலோ பியானோவோ எந்தத் தட்டிலும் இல்லை. கிராமஃபோன் வந்துவிட்ட காலத்தில்தான் அவர் விடுதிச் சுவர்களுக்குள் இருந்தார்.

அதனால்தான் லெக்கின் 500 சந்தாதாரர்கள் முக்கியமாகிறார்கள். முதல் ஆல்பத்தை முழுக்க எலேனா கெர்ஹார்ட் பாடினார், கூன்ராட் போஸ் பியானோ. லைப்ஸிக் ஊர்க்காரரான கெர்ஹார்ட்டுக்கு அப்போது 48 வயது. குரலின் இளமை கொஞ்சம் விலகியிருந்தது, சொல்லின் கனம் கூடியிருந்தது. குறிப்புகள் எழுதியவர் எர்னஸ்ட் நியூமன். 1907லேயே வோல்ஃபின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் நாலு நிமிடம் சொச்சம்தான் பிடிக்கும். சிம்ஃபனிகளைத் துண்டு துண்டாக வெட்டிய அந்த அளவு, வோல்ஃபுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல அமைந்தது. ஒரு பக்கத்தில் இரண்டு பாட்டுகூட முழுசாக உட்கார்ந்துகொண்டன. பெரிய அரங்கில் பின்வரிசைக்குப் போய்ச் சேராத ஒரு முணுமுணுப்பு, வீட்டுக் கூடத்தில் ஊசியின் கீழே தெளிவாகக் கேட்டது. கச்சேரி மேடையைவிட இசைத்தட்டுதான் வோல்ஃபுக்கு இயல்பான இடம் என்று சொன்னால் மிகையாகாது.

1938 வரை ஆறு ஆல்பங்கள் வந்தன. அலெக்ஸாண்டர் கிப்னிஸ், ஹெர்பெர்ட் யான்ஸன், கெர்ஹார்ட் ஹூஷ், ஃபிரீட்ரிஷ் ஷோர், கிரேக்கப் பாடகி அலெக்ஸாண்ட்ரா டிரியாண்டி, கார்ல் எர்ப் என்று நீண்ட வரிசை. ஐரிஷ் நாட்டுப் பாடல்களால் உலகப்புகழ் பெற்ற ஜான் மெக்கார்மக் ‘கானிமேட்’ பாடினார்; மேகத்துக்குள் ஏறிப்போகும் அந்த நீண்ட வரியை அவர் மூச்சு எப்படித் தாங்கியது என்று இன்றும் கேட்பவர் வியக்கிறார்கள். தீப்பிடித்த ஆலையை நோக்கிக் குதிரையில் பாயும் ‘தீக்குதிரைக்காரன்’ கதைப்பாட்டை டேனிஷ் பாடகர் ஹெல்கே ரோஸ்வெங்கே, ஜெரால்ட் மூரின் பியானோவோடு பாடிய பதிவு, பழைய தட்டின் கரகரப்பையும் மீறி மயிர்க்கூச்செறிய வைக்கும்.

அந்த ஏழு ஆண்டுகளில் ஐரோப்பாவே மாறிவிட்டது. யூதரான கிப்னிஸும் ஷோரும் ஹிட்லரின் ஜெர்மனியில் பாட முடியாதவர்களானார்கள். கெர்ஹார்ட் 1934இல் லண்டனில் குடியேறினார். யான்ஸன் 1937இல் ஜெர்மனியைவிட்டு வெளியேறினார். ஜெர்மன் கவிதையை இத்தனை அருமையாக உச்சரித்த குரல்களில் பல, ஜெர்மனிக்கு வெளியே போய்த்தான் ஒலிக்க வேண்டியிருந்தது. அந்தச் சந்தாப் பணம் காப்பாற்றி வைத்தது வோல்ஃபை மட்டுமல்ல.

சொசைட்டி முறை வெற்றி பெற்றதும் ஹெச்.எம்.வி. அதே வழியில் ஆர்தர் ஷ்னாபெலைக் கொண்டு பேத்தோவனின் பியானோ ஸொனாட்டாக்களைப் பதிவு செய்தது. அதற்கு வழிவெட்டியது ஒரு நிமிடப் பாட்டுக்காரர்.

போர் முடிந்தது. 1946, வியன்னா. லெக் ஒரு புதுப் பாடகியைச் சோதிக்கிறார். பெயர் எலிஸபெத் ஷ்வார்ஸ்கோப்ஃ. சோதனைக்கு அவர் எடுத்தது இத்தாலியப் பாடல் புத்தகத்திலிருந்து, உன்னை யார் கூப்பிட்டது என்று காதலனைச் சீறும் ஒரு குட்டிப் பாட்டு. அதை வரி வரியாக, சொல் சொல்லாக, ஒரு மணி நேரத்துக்கும் மேல் பாடவைத்தார். உடனிருந்த ஹெர்பெர்ட் ஃபொன் காரயான், இந்தக் கொடுமையைப் பார்க்க முடியாது என்று எழுந்து போய்விட்டார். ஷ்வார்ஸ்கோப்ஃ அசரவில்லை. ஒப்பந்தம் கிடைத்தது, 1953இல் இருவருக்கும் கல்யாணமும் நடந்தது.

அதே 1953, வோல்ஃபின் 50ஆவது நினைவு ஆண்டு. ஆகஸ்ட் 12 அன்று சால்ஸ்பர்க்கில் ஷ்வார்ஸ்கோப்ஃ முழுக்க வோல்ஃப் பாடினார். பியானோவில் அமர்ந்தவர் வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லர். அந்தக் காலத்தின் மாபெரும் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர். விரல்கள் சுத்தமாக ஓடவில்லை என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் ஒரு பாட்டு தொடங்குமுன் அவர் விடும் அமைதியைப் பதிவில் கேட்டவர்கள் விரலைப் பற்றிப் பேசமாட்டார்கள். பின்னர் ஷ்வார்ஸ்கோப்ஃ, டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்கௌ, ஜெரால்ட் மூர் மூவரும் 1960களில் ஸ்பானியப் புத்தகத்தையும் இத்தாலியப் புத்தகத்தையும் எல்.பி. தட்டுகளில் தந்தார்கள். 1970களில் ஃபிஷர்-டீஸ்கௌ, டேனியல் பாரென்பாய்முடன் ஆண்குரலுக்குரிய பாட்டுகளைப் பெட்டி பெட்டியாகப் பதிவு செய்தார். 2018இல் ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில் டயானா டம்ராவும் யோனஸ் காஃப்மனும் ஹெல்முட் டாய்ட்ஷின் பியானோவோடு இத்தாலியப் புத்தகத்தை மேடையில் பாடிய பதிவும் இருக்கிறது. இரண்டு பெயர்பெற்ற ஓபெராப் பாடகர்கள் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டே பாட, அரங்கம் சிரிப்பது கேட்கும்.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர் அந்தப் புத்தகத்தின் 11ஆவது பாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். தனக்கு ஓர் இசைக்காரக் காதலன் வேண்டும் என்று நெடுநாள் ஏங்கிய பெண் பாடுகிறாள். இதோ கடவுள் அனுப்பிவிட்டார், பாலும் ரத்தமும் கலந்த நிறத்தில் ஒரு பையன், தலையைச் சாய்த்து வயலின் வாசிக்கிறான். அவள் பாட்டு அங்கே முடிந்துவிடும். பிறகு பியானோ மட்டும். பையன் வில்லை எடுத்து இழுக்கிறான், தடுமாறுகிறான், ஓரிடத்தில் நின்று யோசிக்கிறான், கடைசியில் ஒரு ட்ரில்லை, வருமோ வராதோ என்று கைநடுங்கப் பிடிக்கிறான். அரை நிமிடம் வராது. மூர் வாசித்ததையும் டாய்ட்ஷ் வாசித்ததையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். அந்தப் பையன் எவ்வளவு மோசமாக வாசிக்க வேண்டும் என்பதில் இருவர் கணக்கும் வேறு.